மோட்டார் ஓடாத இரண்டு நாள்

மாரப்பன் அண்ணனின் கிணற்றிலிருந்து மோட்டாரைக் கழற்றி மேலே ஏற்றி, கிடைக்கிற விலைக்கு விற்றுத் தரவேண்டும். அதற்குத்தான் என்னை வரச் சொல்லியிருந்தார்கள்.

நான் சோமனூரில் மோட்டார் காயில் கட்டுகிறவன். ஆல்வின் என்றால் சுற்றுவட்டாரத்தில் தெரியாதவர்கள் கிடையாது என்று நானே சொல்லிக்கொள்வேன். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய கம்பியை உருவிப் புதுக்கம்பி சுற்றிக் கொடுப்பது தொழில். கிணற்றில் மோட்டார் இறக்குவதும் ஏற்றுவதும் உண்டு. தொண்ணூற்றாறாம் வருடச் சித்திரையில் இறக்கியது எதுவும் இல்லை, எல்லாம் ஏற்றியதுதான். கிணறுகள் வரிசையாகக் காய்ந்துகொண்டே வந்தன. நான் பின்னாலேயே போய் ஒவ்வொன்றாக ஏற்றிக் கொடுத்துக் கூலி வாங்கிக்கொண்டிருந்தேன். ஊர் காய்வதில் ஒருவனுக்கு நல்ல வரும்படி வருகிறது என்றால் அது பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் விஷயமில்லை. ஆனாலும் வாங்கினேன்.

அண்ணனின் ஊரான இச்சிக்காட்டுப்புதூர், மங்கலத்துக்கு மேற்கே, நொய்யலுக்கு ஒரு மைல் வடக்கே இருந்தது. நொய்யல் அங்கே வெறும் மணலும் வேலிக்கருவையும்தான். கிழக்கே திருப்பூரைத் தாண்டினால் ஆற்றில் தண்ணீர் உண்டு. சாயப்பட்டறைகளில் அன்றைக்கு எந்த நிறத்துக்கு ஆர்டரோ அந்த நிறத்தில் ஓடும். அந்தத் தண்ணீரில் மறுபடி சாயம் போட முடியாது. சாயத்துக்கு உப்பில்லாத சுத்தமான தண்ணீர் வேண்டும். அதனால் டேங்கர் லாரிகள் மேற்கே வந்து கிணற்றுத் தண்ணீரை விலைக்கு வாங்கிப் போயின. ஆற்றைக் கெடுத்துவிட்டுக் கிணற்றுக்கு வருகிறார்களே என்று நான் ஒருமுறை டீக்கடையில் வாயைவிட்டேன். "நீ போட்டிருக்கற பனியன் எங்கிருந்து வந்துச்சு தம்பி?" என்று ஒருவர் கேட்டார். டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஊரில் லாரிக்குத் தண்ணீர் விற்றவர் அப்புசாமி ஒருவர்தான். அவருடைய தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் அவரைப் பண்ணாடி என்பார்கள். இரண்டு கிணறு, அறுநூறு எழுநூறு அடியில் நான்கு போர். அந்த நான்கு போர் மோட்டாரில் மூன்று நான் இறக்கியவை. விவசாயத்துக்குக் கரண்டு இலவசம். பூமிக்குள் கிடக்கிற தண்ணீருக்கும் யாரும் விலை கேட்பதில்லை. லாரியில் ஏறினால் மட்டும் அதற்கு ஒரு விலை வந்துவிடும். இப்படி ஒரு வியாபாரம் எனக்கு அமைந்திருந்தால் நான் மட்டும் வேண்டாம் என்றா சொல்லியிருப்பேன்.

மாரப்பன் அண்ணன் அந்தப் பண்ணாடியிடம் இருபத்திரண்டு வருடம் பண்ணையத்தில் இருந்தவர். அவரும் அவர் சம்சாரம் பழனியாத்தாள் அக்காவும் வயிற்றைக் கட்டிச் சேர்த்ததில் ஒன்றரை ஏக்கர் நிலம் வாங்கினார்கள், எங்கள் பக்கத்தில் அதைக் காடு என்போம். சுடுகாட்டுத் தடத்தை ஒட்டிய காடு என்பதால்தான் அவர்களுக்குக் கிடைத்தது. அதில் தொண்ணூறடிக் கிணறு ஒன்று. அவர்கள் தெருவில் கிணறு வைத்திருந்த முதல் ஆள் அவர். பத்து வருடம் தக்காளி, கத்தரி, சோளம் என்று பாடுபட்டார்கள். அப்புறம் தண்ணீர் இறங்கியது. கிணற்றை ஆழப்படுத்த வெடி வைத்தார்கள். கூட ஒரு குச்சி வெடி வைத்தால் கூடத் தண்ணீர் வரும் என்று அண்ணன் ஆசைப்பட்டு வைத்துவிட்டார். இரண்டே மாதத்தில் கிணறு சுத்தமாக வற்றிப்போனது. தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்க்கிறவர் வந்து நடந்து பார்த்துவிட்டு, "ஊத்துக்கண் செத்துப்போச்சுங்க, வெடியில அடைஞ்சுபோச்சு" என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து ஒரு வருடமாக அண்ணன் கிணற்றுப் பக்கம் போவதில்லை. தன் கையால் கிணற்றைக் கொன்றுவிட்டதாகவே நம்பினார். எதைப் பேசினாலும் கடைசியில் அந்த ஒரு குச்சி வெடியில்தான் வந்து நிற்பார்.

காட்டைப் பண்ணாடிக்கே காய்ந்த காட்டு விலைக்குப் பேசி முடித்திருந்தார்கள். திங்கட்கிழமை பத்திரம். மகள் செவ்வந்தி திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறாள், அவளோடு ஒரு ரூமில் போய் இருந்துகொள்வது என்று ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு நான் போனபோது பழனியாத்தாள் அக்கா இரண்டு காலிக் குடத்தோடு வாசலில் நின்றிருந்தாள்.

"வாங்க தம்பி. குடிக்கக் கூடத் தண்ணி இல்லீங்க. லாரியில தண்ணி நெப்பற எடத்துல வழியறதத்தான் நாங்க புடிச்சுட்டு வருவோம். இன்னைக்கு லாரியே வல்லீங்க."

"ஏனுங்க்கா?"

"பெரியாத்தா போயிட்டாங்க. பண்ணாடியோட அம்மா, மயிலாத்தாள் ஆத்தா. விடியக்கால நேரத்துல உசுரு போயிருச்சு. உங்க அண்ணன் கட்டைக்கு வெறகு பொளக்கப் போயிருக்காரு. எழவு எடுக்கற வரைக்கும் ஊருக்குள்ள யாரும் மோட்டாரு போடக்கூடாதுங்களே."

அது மாடு பூட்டிக் கமலையில் தண்ணீர் இறைத்த காலத்து வழக்கம். பிணம் வீட்டில் கிடக்கும்போது ஊரில் எந்தக் கிணற்றிலும் தண்ணீர் இறைக்கக் கூடாது. மோட்டார் வந்த பிறகும் அதை யாரும் மாற்றவில்லை. வழக்கமாகக் காலையில் செத்தால் மத்தியானம் எடுத்துவிடுவார்கள், நாலைந்து மணி நேரத்தோடு போய்விடும். இந்தமுறை ஆத்தாவின் மகள் பம்பாயிலிருந்து ரயிலில் வரவேண்டும். ஐஸ் பார் வாங்கிச் சுற்றி அடுக்கி வைத்திருந்தார்கள். சனிக்கிழமை பொழுதோடுதான் எடுப்பார்கள் என்று சொன்னார்கள்.

மோட்டாரைக் கழற்றத் தடையில்லையே என்று நான் வேலையை ஆரம்பித்தேன். மாரப்பன் அண்ணன் விறகு பிளந்துவிட்டு வந்தார். தோளில் மரத்தூளோடு, கிணற்றுக்கு முதுகைக் காட்டி வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார்.

"அண்ணா, கயித்தப் புடிக்க ஒரு ஆளு வேணுங்க."

"அவ புடிப்பா தம்பி. என்னைய உடு."

அக்காதான் கயிற்றைப் பிடித்தாள். அறுபதடி வரை சுவரில் கல்படி. அதற்கு அப்புறம் கயிறு. ஒரு ஊரின் கிணற்றுக்குள் இறங்கினால் ஊரில் ஓடுகிற மோட்டார் சத்தமெல்லாம் பாறை வழியாக உள்ளே கேட்கும். காதில் ஒரு ரீங்காரம் இருந்துகொண்டே இருக்கும். பதினைந்து வருடமாக அது பழகிப்போனது. அன்றைக்கு ஒரு சத்தமும் இல்லை. என் மூச்சு எனக்கே பெரிதாகக் கேட்டது.

அடியில் மோட்டார் ஒரு குழிக்குள் தூசி படிந்து படுத்திருந்தது. அஞ்சு எச்.பி., தண்ணீருக்குள்ளேயே கிடந்து ஓடும் வகை. பைப்போடு சேர்த்து முடுக்கிய போல்ட் நாலும் துருவேறி ஒட்டிக்கொண்டிருந்தன. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, ஸ்பேனர் போட்டு, தட்டித் தட்டி மூன்றைக் கழற்ற ஒன்றரை மணி நேரம் ஆனது. நான்காவதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது கால் விரலிடுக்கில் சில்லென்றது. கொண்டுவந்த தண்ணீர் பாட்டில் சாய்ந்துவிட்டது என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். பாட்டில் நிமிர்ந்துதான் நின்றது.

மேற்குப் பக்கத்துப் பாறையில், வெடி வைத்த தடத்துக்கு ஒரு சாண் கீழே, ஒரு கீற்று கறுப்பாக நனைந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பளபளத்தது. அப்புறம் அதிலிருந்து தண்ணீர் வந்தது. பீய்ச்சி அடிக்கவில்லை, சத்தம் போடவில்லை. பாறை தன் பாட்டுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தது. குழி நிறைந்தது, என் கணுக்கால் முழுகியது. இயேசுவே என்று வாய்விட்டே சொன்னேன். சந்தோஷம் அப்புறம்தான் வந்தது, முதலில் வந்தது பயம்.

"அக்கா! அண்ணனை எறங்கச் சொல்லுங்க்கா!"

"என்னங்க தம்பி, அடி கிடி பட்டுப்போச்சா?"

"தண்ணிங்க்கா! தண்ணி வருது!"

அப்புறம் அண்ணன் இறங்கி வந்தார். ஒரு வருடமாக எட்டிப் பார்க்காத மனிதர், கல்படியில் ஒவ்வொரு படியாக இறங்கி, கயிற்றைப் பிடித்துத் தண்ணீருக்குள் வந்து நின்றார். பாறையில் வெடித் தடத்தைக் கையால் தடவினார். கீழே கசிகிற இடத்தில் உள்ளங்கையை வைத்தார். விரல்களுக்கு நடுவே தண்ணீர் பிதுங்கி வந்தது. ஒரு கை அள்ளிக் குடித்தார்.

"நல்ல தண்ணி தம்பி. அதே ருசி."

"ஆமாங்கண்ணா."

"அப்ப நா அடைக்கல."

"இல்லீங்கண்ணா."

"நா அடைக்கலீல்ல தம்பி? பாரு, வெடி வெச்ச எடத்துலதான வருது. நல்லாப் பாத்துச் சொல்லு."

அவர் அழுதார். பெரிய மனிதர் ஒருவர் முழங்கால் தண்ணீரில் நின்று பாறையைப் பிடித்துக்கொண்டு அழும்போது பக்கத்தில் இருக்கிறவன் என்ன செய்யமுடியும். நான் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மேலே ஏறி வந்ததும் அவர் முதலில் பண்ணாடி வீடு இருக்கும் திசை பார்த்துக் கும்பிட்டார்.

"ஆத்தா போற போக்குல நமக்குக் குடுத்துட்டுப் போறாங்க புள்ள. எத்தன வருசம் அந்தக் கையில கஞ்சி வாங்கிக் குடிச்சிருப்பேன். மறக்கல பாரு."

பழனியாத்தாள் அக்கா கும்பிடவில்லை. கிழக்கே காதைத் திருப்பிக்கொண்டு நின்றாள். வெயிலில் சுருண்டு கிடந்த கருவேலங்காட்டுக்கு அந்தப் பக்கம் பண்ணாடியின் மோட்டார் ரூம்கள். அங்கிருந்தும் சத்தமில்லை.

"ஆத்தா குடுக்கலீங்க," என்றாள். "மகன் எடுக்கல. அவ்வளவுதான்."

"என்ன புள்ள பேசற, எழவு உழுந்திருக்கற நேரத்துல?"

"ஏனுங்க, காத்தால இருந்து ஆறு மோட்டாரு ஓடல. ஒரு லாரி வல்ல. நம்ம கெணத்துல தண்ணி வருது. இதுக்கு மேல என்னத்த யோசிக்கறது? ஒரு வருசமா உங்களையே நீங்க கொன்னுட்டுக் கெடந்தீங்க. நானும் எங்க கன்னிமாருக்குக் கெடா வெட்டாததுதான் குத்தமுன்னு நெனச்சு வேண்டாத நாளில்ல. பாருங்க, ஒரு குத்தமும் கெடையாது."

அவள் சொன்னது எனக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. புரிந்ததும் கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். நான் இறக்கிய மோட்டார்கள் அவை. எத்தனை அடியில் இறக்கினேன், எத்தனை இன்ச் பைப் என்பது எனக்கு மனப்பாடம். அந்தத் தோட்டத்தில் போர் போட்ட இடத்துக்கும் இந்தக் கிணற்றுக்கும் அரை மைல் இருக்கும். மேலே வேலி, வண்டித்தடம், பத்திரம், பட்டா எல்லாம் தனித்தனி. கீழே எல்லாம் ஒரே தண்ணீர். இத்தனை வருடம் பூமிக்குள் இறங்கிப் பிழைக்கிறவனுக்கு இது தோன்றாமல் போய்விட்டது.

அக்கா குடத்தில் கயிறு கட்டி இறைத்தாள். வழக்கத்துக்கு அது குற்றமில்லையா என்று நான் கேட்டேன். "குடிக்கற தண்ணிக்கு எந்த ஊருலயும் தடையில்லீங்க" என்றாள். அந்தத் தண்ணீரிலேயே அரிசியும் பருப்பும் சேர்த்து வேகவைத்து, கொள்ளு ரசமும் வைத்தாள். மூன்று பேரும் கிணற்று மேட்டில் உட்கார்ந்தே சாப்பிட்டோம். சாப்பிட்டுக்கொண்டே உள்ளே எட்டி எட்டிப் பார்த்தோம். அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. ஒவ்வொரு வாய்க்கும் ஒரு தடவை எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

மத்தியானம் நான் மறுபடி இறங்கினேன். கழற்றிய மூன்று போல்ட்டையும் திரும்ப முடுக்கவேண்டும். அதற்குள் தண்ணீர் நெஞ்சளவு வந்துவிட்டது. மூச்சை அடக்கி முழுகி, கையால் தடவி ஓட்டையைக் கண்டுபிடித்து, ஒரு போல்ட்டுக்குப் பத்து முழுக்குப் போட்டேன். கழற்றியதைவிட மாட்டியதுதான் கஷ்டமான வேலை. கூலி கேட்கத் தோன்றவில்லை. வயர் எல்லாம் மாட்டி, ஸ்டார்ட்டர் பெட்டியைத் துடைத்து வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

சனிக்கிழமை கடையைத் திறக்காமல் நேராக அங்கேதான் வந்தேன். மூன்று ஆள் மட்டம் தண்ணீர். கிணற்றுக்குள் ஒரு துண்டு வானம் கிடந்தது. செவ்வந்தி கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். தரையில் படுத்து, தலையை மட்டும் உள்ளே நீட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏங்கண்ணா, ஒரு கிலோ துணிக்குச் சாயம் போட நூத்தம்பது லிட்டர் தண்ணி ஆகுமாமா. எங்க கம்பெனியில சொல்லுவாங்க. ஒரு நாளைக்கு நா கையில தொடற துணிக்கு எத்தன கெணறு ஆகுமுன்னு தெரியலீங்க."

"அதெல்லாம் நெனச்சா வேல பாக்க முடியாது கண்ணு."

"நெனைக்காமத்தான் பாத்துட்டிருந்தேன்."

பக்கத்துக் காட்டுக் கண்ணையா ஓடி வந்தார். அவர் கிணற்றிலும் ஒன்றரை ஆள் மட்டம் வந்திருக்கிறதாம். ஊரில் நாலைந்து கிணற்றில் ஊறியிருப்பதாகச் சொன்னார். செத்தவள் மகராசி என்று இழவு வீட்டில் பேசிக்கொள்கிறார்களாம்.

"அப்புறம் வாரத்துக்கு ஒரு எழவு உழுந்தாத்தான் நம்ம கெணறெல்லாம் ஊறும்போல," என்று கண்ணையா சிரித்தார்.

"வாயக் கழுவுங்க," என்றாள் பழனியாத்தாள் அக்கா. ஆனால் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

நாலு மணிக்கு ஆத்தாவை எடுத்தார்கள். பாடை சுடுகாட்டுத் தடத்தில் எங்களைத் தாண்டிப் போனது. மாரப்பன் அண்ணன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கூடப் போனார். போகாமல் இருக்க அவரால் முடியாது.

காரியம் முடித்து அண்ணனும் மற்ற ஆட்களும் திரும்பும்போது வெயில் தாழ்ந்திருந்தது. அப்புசாமிப் பண்ணாடி மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாக முன்னால் வந்தார். எங்கள் கூட்டத்தைப் பார்த்ததும் தடத்திலிருந்து விலகிக் கிணற்று மேட்டுக்கு ஏறினார். எட்டிப் பார்த்தார். பார்த்தபடியே நின்றார். கீழே குனிந்து ஒரு கல்லை எடுத்து உள்ளே போட்டு, சத்தத்தைக் கேட்டார். அவரும் காட்டில் பிறந்த மனிதர்தானே. அந்தச் சத்தம் என்ன சொல்கிறது என்று அவருக்குத் தெரியாமல் இருக்குமா. அவர் முகத்தில் துக்கத்தோடு வேறொன்றும் வந்தது. பெரிய கோவிலுக்குள் முதல்முறை நுழைகிற ஆள் கோபுரத்தை நிமிர்ந்து பார்ப்பது மாதிரி அவர் கீழே பார்த்தார்.

"எப்ப வந்துச்சு மாரப்பா?"

"நேத்துங்க பண்ணாடி. ஆத்தா போன அன்னைக்குத்தானுங்க."

"எத்தன மட்டம்?"

"மூணுங்க."

கூட வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பண்ணாடி துண்டால் மொட்டைத் தலையைத் துடைத்தார். இரண்டு மூன்று தடவை துடைத்தார்.

"செரி. தண்ணி வந்திருக்கறப்ப உன்னைய ஏமாத்துன பாவம் எனக்கு வேண்டாம். திங்கக்கெழம தண்ணிக்காட்டு வெலையே போட்டுக்கலாம்."

அது இரண்டு மடங்குக்கு மேல் விலை. கண்ணையா வாயைத் திறந்தபடி நின்றார். எனக்கே வாங்கிக்கொள்ளுங்கள் அண்ணா என்று சொல்ல வாய் வந்தது. மாரப்பன் அண்ணன் கைகளைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டுதான் பேசினார். இருபத்திரண்டு வருடப் பழக்கம்.

"நீங்க மோட்டாரப் போட்டா இது காஞ்ச காடுங்க. நீங்க நிறுத்துனா தண்ணிக் காடுங்க. என்ற காட்டுக்கு என்ன வெலைன்னு எனக்கே தெரியலீங்க பண்ணாடி. தெரியாத பொருள எப்பிடீங்க விக்கறது? நா விக்கலீங்க."

"என்ற காட்டுல நா மோட்டாரு போடறேன். அதுல உனக்கென்ன?"

"ஒண்ணுமில்லீங்க. உங்க காடுதானுங்க. தண்ணி மட்டும் ரண்டு காட்டுக்கும் அடியில கெடக்குதுங்க."

பண்ணாடிக்கு முகம் சிவந்தது. ஆனால் அம்மாவுக்குக் கொள்ளி வைத்துவிட்டு வருகிற வழியில் சண்டை போட எந்த மனிதனுக்கும் முடியாது. அவர் என் பக்கம் திரும்பினார்.

"ஆல்வினு, ரண்டாம் நெம்பர் போருல ஸ்டார்ட்டரு புடிக்கறதில்ல. லாரி ஏழெட்டு வந்து நிக்குது. கையோட வந்து பாத்துக் குடு."

அந்தத் தோட்டத்து வேலைதான் வருடத்தில் பாதி நாள் எனக்குச் சோறு போடுவது. அதை அவரும் அறிவார்.

"வாரேனுங்க. இங்க ஒரு சோலி இருக்குதுங்க, முடிச்சுப்போட்டு வாரேன்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கிப் போனார். கூட்டமும் பின்னால் போனது. கொஞ்ச நேரத்தில் கிழக்கே ஒவ்வொன்றாக மோட்டார்கள் உறுமத் தொடங்கின. இரண்டு நாள் இல்லாமல் இருந்த சத்தம் இப்போது நெஞ்சில் வந்து இடித்தது. காரியம் முடிந்துவிட்டது, இனி எல்லோரும் இறைக்கலாம். நாங்களும் இறைக்கலாம்.

ஸ்டார்ட்டரில் பச்சைப் பொத்தானை அண்ணனையே அமுக்கச் சொன்னேன். பைப் ஒருமுறை இருமியது, காற்றைத் துப்பியது, செம்மண் கலங்கலைத் துப்பியது. அப்புறம் வெள்ளையாகக் கொட்டியது. பழனியாத்தாள் அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மண்வெட்டியோடு தண்ணீருக்கு முன்னால் ஓடினாள். காய்ந்து வெடித்திருந்த வாய்க்காலில் தண்ணீர் ஒவ்வொரு வெடிப்பாக இறங்கி, நிரப்பி, ஏறி, அவள் காலைத் தொட்டுக்கொண்டே போனது. மண் வாசம் குப்பென்று எழுந்தது. செவ்வந்தி வாய்க்காலில் கால் வைத்துக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி கத்தினாள். எங்கோ மலையில் பெய்து, எத்தனையோ பேர் காட்டுக்கு அடியில் கேட்காமல் கொள்ளாமல் நடந்து வந்த தண்ணீர் இந்த ஒன்றரை ஏக்கரில் வெளியே வந்து வெயிலில் ஓடுகிறதே என்று எனக்குக் கண் கலங்கியது.

மாரப்பன் அண்ணன் மட்டும் கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பாறையில் ஈரக்கோடு ஒரு விரல் தெரிந்தது. அப்புறம் ஒரு சாண்.

"எறங்குது புள்ள!" என்று அவர் கத்தினார். "ரண்டு பக்கமும் இழுத்தா நாளைக்குள்ள காலியாயிரும்!"

அக்கா நிமிரவே இல்லை. அடுத்த பாத்திக்கு மடையை வெட்டிவிட்டுக்கொண்டே சொன்னாள்.

"எறங்கட்டுமுங்க. இத்தன நாளா மொத்தமா அங்க போச்சு. இன்னைக்குப் பாதி நம்ம காட்டுல பாயுது. வந்து அந்தப் பக்கத்துப் பாத்தியத் திருப்புங்க, கரண்டு போறதுக்குள்ள."